பறக்கத் தெரியாத கிளி உண்டா? தீவில் ஏன் அப்படி ஆகிறது?

உண்டு, நியூசிலாந்தின் காகாப்போ. மனிதர் கால்வைத்த காலத்தில் அங்கே வௌவாலைத் தவிர தரைவாழ் பாலூட்டி எதுவும் இல்லை. பூனை, கீரி இல்லாத காட்டில் பறப்பது வீண் செலவு. அவ்வளவு பெரிய மார்புத் தசைக்குத் தீனி போட்டுக் கட்டுப்படியாகாது. தலைமுறை தலைமுறையாகத் தசை சுருங்கியது, உடல் பெருத்தது. ஆண் கிளி 4 கிலோ வரை இருக்கும்!

எதிரி என்றால் கழுகும் பருந்தும்தான். அவை கண்ணால் தேடுபவை. அதனால் ஆபத்து என்றதும் இது ஓடாது. பாசிப்பச்சை இறகோடு அசையாமல் நின்றுவிடும். ஆனால் கப்பலில் வந்த எலியும் பூனையும் மோப்பம் பிடிப்பவை. காகாப்போ உடலிலோ இனிப்பான வாசம். பாவம், நின்ற இடத்திலேயே மாட்டிக்கொண்டது.

1995-இல் மிஞ்சியவை 51. வேட்டை விலங்கில்லாத குட்டித் தீவுகளில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டுக் காத்ததில் இன்று 200-ஐத் தாண்டிவிட்டன.