ஹை கெயின் ஆம்பில் எழுபதுகளின் ராக் சத்தம் வருமா?

கேள்வி: சார், போன வருடம் பீவி 6505 என்ற ஹை கெயின் கிதார் ஆம்ப் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்) ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். அப்போது மெட்டல் வாசித்துக்கொண்டிருந்தோம், அதற்கு அருமையாக இருந்தது. இப்போது சேர்ந்திருக்கும் பேண்டில் ஏசி/டிசி, லெட் செப்பலின், ஃப்ரீ பேண்டுகள் மாதிரி பழைய ராக்தான். ஆம்பை எப்படித் திருகினாலும் தேன்கூட்டைக் கலைத்த மாதிரி ஒரே இரைச்சல். இதை விற்றுவிட்டுப் பழைய மார்ஷல் மாதிரி ஒன்று வாங்கலாமா? கடைக்காரரோ, பவர் டியூப்களை இஎல்34 என்ற வகையாக மாற்றினால் இதுவே மார்ஷல் ஆகிவிடும் என்கிறார். என் கிதாரில் இருப்பது ஹம்பக்கர் பிக்கப். கேபினெட்டில் நாலு ஸ்பீக்கர். - வாசகர், கோவை

பதில்: விற்காதீர்கள். கடைக்காரர் சொன்னதையும் செய்யாதீர்கள். பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு மாலை நேரத்தை மட்டும் ஒதுக்குங்கள்.

லீட் சேனலை மறந்துவிட்டு ரிதம் சேனலுக்கு வாருங்கள். பிரைட், கிரஞ்ச் இரண்டு சுவிட்சுகளையும் அணையுங்கள். கிதாரின் வால்யூம் முழுசாக இருக்கட்டும். பிரீ கெயினை (கரகரப்பைக் கூட்டும் நாப்) 2-இல் வைத்து, ஓப்பன் ஏ கார்டை ஒரே இழுப்பில் அடித்து அப்படியே ஒலிக்க விடுங்கள். பி கம்பியில் இரண்டாம் ஃப்ரெட்டில் விரல் இருக்கிறதல்லவா, அந்த சி ஷார்ப்பை மட்டும் காதால் தேடுங்கள். ஏ-யை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் அது அந்தர காந்தாரம். மேஜர் கார்டுக்கு முகம் கொடுக்கிற ஸ்வரமே அதுதான். இனி கெயினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் அதே கார்டை அடியுங்கள். ஓர் இடத்தில் அந்த காந்தாரம் மற்ற ஸ்வரங்களோடு குழம்பிக் கூழாகிவிடும். அதற்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். பழைய ராக்குக்கு உங்கள் ஆம்பின் கெயின் அளவு அவ்வளவுதான். முதலில் கேட்கும்போது ‘இவ்வளவு குறைவா’ என்று தோன்றும். டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் அந்த எண்ணம் போய்விடும். ஏசி/டிசியின் ஆங்கஸ் யங் வாசிப்பதைக் கவனித்துக் கேளுங்கள், கரகரப்பு நாம் நினைப்பதைவிட எவ்வளவு குறைவு என்று புரியும். அந்தக் கனம் விரலிலிருந்தும் வால்யூமிலிருந்தும் வருகிறது.

காரணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் யார் எதை விற்றாலும் வாங்கத் தோன்றும். 1962-இல் லண்டன் ஹேன்வெல்லில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், ஃபெண்டர் பாஸ்மேனின் சர்க்யூட்டைப் பின்பற்றி ஜேடிஎம்45 ஆம்பைத் தன் ஆட்களைக் கொண்டு செய்தார். அதிலும் அதன் வாரிசுகளிலும் மாஸ்டர் வால்யூம் (கரகரப்பைத் தொடாமல் மொத்தச் சத்தத்தை மட்டும் மாற்றும் நாப்) கிடையாது. கரகரப்பு வேண்டுமானால் வால்யூமையே ஏற்ற வேண்டும். அப்போது முன்னாலிருக்கும் சின்ன டியூப்கள், பவர் டியூப்கள், டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர் எல்லாம் சேர்ந்து திணறும். அந்தத் திணறல்தான் நாம் ரசிக்கும் சத்தம். மார்ஷல் மாஸ்டர் வால்யூமோடு ஆம்ப் செய்தது 1975-இல்தான். உங்கள் 6505, 1992-இல் வந்த 5150-இன் மறுபெயர். அதில் 12ஏஎக்ஸ்7 என்ற சின்ன டியூப்கள் ஐந்து. சிக்னலை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, முன்பகுதியிலேயே நொறுக்கி, பேஸை இறுக்கி அனுப்பும்படி கட்டியது. அதனால் நீங்கள் செய்ய வேண்டியது முன்னால் குறைத்துப் பின்னால் ஏற்றுவது: பிரீ கெயின் கீழே, போஸ்ட் கெயின் (மொத்தச் சத்தம்) இடம் தாங்கும் அளவுக்கு மேலே.

அப்புறம் ஈக்யூ, அதாவது பேஸ், மிட், டிரெபிள் நாப்கள். மெட்டலுக்கு மிட்டைக் குடைந்து வைத்திருப்பீர்கள். அதை 7 வரை ஏற்றுங்கள். பேஸை 4-க்கும், பேஸின் அதிர்வைக் கூட்டும் ரெசொனன்ஸை 2-க்கும் இறக்குங்கள். டிரெபிளை இப்போது இருப்பதைவிடக் குறையுங்கள். தனியாக வாசிக்கும்போது மூக்கடைத்த மாதிரி இருந்தாலும் பேண்டில் பளிச்சென்று தெரியும். 6505-இல் இரண்டு சேனலுக்கும் ஒரே ஈக்யூதான் என்பதால் லீட் சேனலின் மெட்டல் சத்தம் இதனால் மாறும். இரண்டும் வேண்டுமென்றால் எஃபெக்ட்ஸ் லூப்பில் (ஆம்பின் பின்னால் பெடல் மாட்டும் இடம்) ஒரு ஈக்யூ பெடலைப் போட்டு, பழைய ராக் வாசிக்கும்போது மட்டும் மிதியுங்கள். நான் முதலில் செலவு செய்யச் சொல்வது இதற்குத்தான்.

கிதாரின் வால்யூம் நாப்பை எத்தனை பேர் தொடுகிறார்கள்? ரிதமுக்கு 6, சோலோவுக்கு 10 என்று சுண்டுவிரலாலேயே திருகிப் பழகுங்கள். அந்தக் காலத்து ஆட்களுக்குச் சேனல் மாற்றும் சுவிட்ச் இதுதான். வால்யூமைக் குறைத்ததும் சத்தம் மங்கினால், நாப்பில் ஒரு சின்ன கபாசிட்டரும் ரெசிஸ்டரும் பற்றவைத்தால் போதும், டிரெபிள் தங்கும். டிவி ரிப்பேர் செய்பவர்கூடச் செய்துவிடுவார். பிக்கப்பின் இரு ஓரத்திலும் உள்ள திருகைத் தளர்த்தி, கம்பியிலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் கீழே இறக்கிப் பாருங்கள். இதற்குச் செலவே இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் கெயின் நாப் தொட்டால் சிணுங்குகிற மாதிரி இருந்தால், வி1 டியூபை மாற்றலாம். சிக்னல் முதலில் போய்ச் சேரும் டியூப் அது. 12ஏஎக்ஸ்7-இன் பெருக்கும் திறன் 100 என்றால், 5751-க்கு 70, 12ஏஒய்7-க்கு 45 அளவில்தான். மூன்றும் ஒரே சாக்கெட்டில் உட்காரும், பயாஸ் (டியூபில் ஓடும் நிலையான கரண்டின் அளவு) பார்க்க வேண்டாம். கெயின் நாப்பில் திருகுவதற்கு நிறைய இடம் கிடைக்கும். புதிதாகத் தயாரான டியூபே போதும். பழைய ஸ்டாக் என்று லேபிளைக் காட்டி மூன்று மடங்கு கேட்டால் நகர்ந்துவிடுங்கள். மாற்றும்போது பிளக்கை உருவி, ஆம்ப் ஆறிய பிறகு கையை வையுங்கள். சேசிஸைத் திறக்கவே வேண்டாம், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உள்ளே இருக்கும் கபாசிட்டர்களில் உயிரை எடுக்கும் வோல்டேஜ் நிற்கும்.

இஎல்34 விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஆம்பில் இருப்பவை நாலு 6எல்6. ஒரு 6எல்6-இன் ஹீட்டர் 0.9 ஆம்பியர் இழுக்கும், இஎல்34 1.5 ஆம்பியர் இழுக்கும். நாலுக்கும் சேர்த்து 3.6 எங்கே, 6 எங்கே! பவர் டிரான்ஸ்ஃபார்மர் அந்தக் கூடுதல் சுமைக்காகச் செய்யப்பட்டதல்ல. பயாஸையும் மாற்ற வேண்டும். 6505-இல் அதைத் திருகி வைக்க ஓர் அட்ஜஸ்ட்மென்ட்கூட இல்லை, சர்க்யூட்டில் கை வைத்தாக வேண்டும். இத்தனைக்கும் பிறகு கரகரப்பு முன்பகுதியிலிருந்துதான் வரப்போகிறது. அதனால் சத்தம் பெரிதாக மாறாது.

அந்தக் காசை ஸ்பீக்கரில் போடுங்கள். கேபினெட்டைப் பின்னால் திறந்து என்ன மாடல் என்று பாருங்கள். செலஸ்டியன் வின்டேஜ் 30 என்றால் அப்பர் மிட்டில் ஒரு கூர்மை இருக்கும். பழைய மார்ஷல் கேபினெட்டுகளில் இருந்தது கிரீன்பேக், மேலே மெத்தென்று இறங்கும். ஆனால் கிரீன்பேக் ஒன்று 25 வாட்தான். நாலு சேர்ந்தால் 100 வாட், உங்கள் ஹெட் 120 வாட். எரிந்துவிடும். அதே கம்பெனியின் 65 வாட் கிரீம்பேக்குகளில் இரண்டை மட்டும் வாங்கி, இருக்கும் ஸ்பீக்கர்களோடு குறுக்குக்குக் குறுக்காக மாட்டுங்கள். பழையதன் ஓம் எவ்வளவோ அதே ஓமில் கேட்டு வாங்குங்கள்.

விற்காதீர்கள் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் நல்ல ஹை கெயின் ஆம்ப் ஒன்றை விற்று, மாஸ்டர் வால்யூம் இல்லாத 50 வாட் ஆம்ப் வாங்கினேன். வீட்டில் வால்யூமை 2-க்கு மேல் ஏற்ற முடியவில்லை. 2-இல் அது கண்ணாடி மாதிரி சுத்தமாக ஒலித்தது, கரகரப்பின் சாயலே இல்லை. 100 வாட்டுக்குப் பதில் 50 என்றால் பாதிச் சத்தம் என்று நினைத்திருந்தேன். குறைவது 3 டெசிபல்தான். கடைசியில் ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் மாட்டிச் சத்தத்தைக் குறைக்க ஓர் அட்டென்யூவேட்டர் வாங்க வேண்டியதாயிற்று. விற்றதில் நஷ்டம், வாங்கியதில் செலவு, அதற்கு மேல் இன்னொரு செலவு. எட்டு மாதம் அந்த ஆம்ப் துணி போர்த்தி மூலையில் கிடந்தது.

கேள்வி: அக்கா அமெரிக்காவிலிருந்து வரும்போது சின்ன டியூப் ஆம்ப் ஒன்று வாங்கி வரச் சொல்லலாம் என்றிருக்கிறேன். அங்கே 120 வோல்ட். பயணிகள் பயன்படுத்தும் சின்ன கன்வெர்ட்டர் போதுமா? - வாசகி, மதுரை

பதில்: போதாது. ஹேர் டிரையர் மாதிரி சாமான்களுக்கு விற்கும் லேசான கன்வெர்ட்டர்கள் பல, மின்சார அலையை வெட்டித்தான் கொடுக்கின்றன. ஆம்புக்கு அது ஆகாது. செம்புச் சுருள் வைத்த, கையில் எடுத்தால் கனக்கிற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஆம்பின் பின்னால் போட்டிருக்கும் வாட்டைப் போல இரண்டு மடங்குக்கு வாங்குங்கள். அக்காவிடம் முதலில் அந்தப் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் சரி. 60 என்று மட்டும் இருந்தால் நம் ஊர் 50-இல் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சூடாகும், அந்த மாடல் வேண்டாம். வோல்டேஜ் மாற்றும் சுவிட்ச் ஆம்பிலேயே இருந்தால் இந்தச் சுமை எதுவும் இல்லை, பியூஸை மட்டும் அதற்குரிய அளவுக்கு மாற்றுங்கள். டிரான்ஸ்ஃபார்மரில் எர்த் பின் உள்ளிருந்து வெளியே தொடர்ச்சியாக வருகிறதா என்று கடையிலேயே மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ‘ஹம்’ சத்தம் வருகிறது, எர்த்தைக் கழற்றிவிடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு கையில் கிதார் கம்பி, உதடு மைக்கில், எர்த் இல்லாத ஆம்ப் என்றால் ஷாக் அடித்து ஆளையே கொன்றுவிடும்.