குத்தகை ஏறினா அரிசி விலை ஏறுமா? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: அய்யா, எங்களுக்கு தலைஞாயிறு பக்கம் கடைமடை, வாய்க்கால் வந்து முடியிற எடம். சம்பாவுல ஒரு மா நிலத்துக்கு (ஏக்கர்ல மூணுல ஒரு பங்கு) 9 மூட்டை நெல்லு கண்டுமுதல், அதுல 3 மூட்டை குத்தகை அளக்குறோம். பாபநாசத்துல எங்க சம்பந்திக்கு 11 மூட்டை காணுது, 5 அளக்குறாங்க. குத்தகை ஏறுறதாலதான் அரிசி விலை ஏறுதுன்னு எங்க வீட்டுக்காரர் சொல்றாரு, சரிங்களா? (ஒரு வாசகி)

பதில்: இல்லம்மா, அது தலைகீழ். இங்கிலாந்துல நெப்போலியன் யுத்த நேரத்துல கோதுமை விலை எகிறி, ஒண்ணுக்கும் ஆகாத நிலத்தையெல்லாம் உழுதாங்க, நல்ல நிலத்துக்கு குத்தகையும் கூடவே ஏறுச்சு. யுத்தம் முடிஞ்சா விலை விழுந்துருமேன்னு நிலக்காரங்க நெறஞ்ச பார்லிமெண்ட் 1815-ல ஒரு சட்டம் போட்டுச்சு, உள்ளூர் கோதுமை ஒரு குவார்ட்டர் (அந்தக் காலத்து தானிய அளவு) 80 ஷில்லிங்கை தொடுற வரைக்கும் வெளிநாட்டு கோதுமைய விக்கக்கூடாதுன்னு. அந்த ஊரு பொருளாதார அறிஞர் டேவிட் ரிக்கார்டோ 1817-ல அடிச்சு சொன்னாரு, குத்தகை குடுக்குறதால தானியம் விலை ஏறல, விலை ஏறுனதாலதான் குத்தகை குடுக்குறாங்கன்னு. இத்தனைக்கும் அவரே பெரிய எஸ்டேட் வாங்குன நிலக்காரர், எனக்கு அவர் மேல மரியாதையே அதனாலதான்.

உங்க வயலையே பாருங்க. அதே வெத, அதே உரம், அதே ஆள் கூலி. மேட்டூர் தெறந்தா உங்க சம்பந்தி ஊரு மாதிரி தலைமடைக்கு மொதல்ல தண்ணி, உங்க வாய்க்காலுக்கு வர்றதுக்குள்ள நாத்து முத்திப்போவுது, போர் போட்டா உப்புத்தண்ணி. அந்த 2 மூட்டை வித்தியாசம் அப்படியே அங்க குத்தகையில போய் உக்காந்துருக்கு பாருங்க, அதுதான் ரிக்கார்டோ கணக்கு.

ஆனா அதே கணக்குப்படி, செலவுக்கு மட்டுமே சரியா வர்ற கட்டக்கடைசி வயலுக்கு குத்தகையே இருக்கக்கூடாதே, நீங்க ஏன் 3 மூட்டை அளக்குறீங்க? இதுக்கு பதில் சொன்னவர் ரிச்சர்ட் ஜோன்ஸ்ங்கிற இன்னொரு இங்கிலாந்து பொருளாதார அறிஞர், 1831-ல. கட்டுப்படியாகலன்னா போட்ட மொதலீட்ட எடுத்துக்கிட்டு வேற தொழிலுக்கு போற இங்கிலாந்து விவசாயிக்குத்தான் ரிக்கார்டோ சொன்னது பொருந்தும், வேற பொழப்பு இல்லாத குடியானவன் வயித்துக்காக கேட்டதை குடுப்பான்னு நம்ம நாட்டு ரயத்தையும் (உழுது பொழைக்கிற குடியானவன்) சேர்த்து எழுதுனாரு. டெல்டாவ பார்த்தவங்களுக்கு இதுல சந்தேகமே வராது.

அதனாலதான் சட்டம் வர வேண்டியிருந்துச்சு. 1956-ல நஞ்சைக்கு விளைச்சல்ல 40 சதவீதம்னு நியாய குத்தகைய வச்சாங்க, அப்புறம் அது 25 ஆச்சு. நீங்க அளக்குறது 33 வருதும்மா. குத்தகை பதிவேட்டுல உங்க பேரு இருக்கான்னு மொதல்ல தாலுகா ஆபீஸ்ல பாருங்க.

கேள்வி: பொருளாதார வாத்தியாருங்க நம்ம வயக்காட்ட வந்து பார்த்துருக்காங்களா? (கீழ்வேளூர் வாசகர்)

பதில்: பார்த்துருக்காங்க. மெட்ராஸ் யூனிவர்சிட்டியில இந்தியப் பொருளாதாரம்ங்கிற பாடத்துக்கு மொதல் பேராசிரியரா வந்த இங்கிலாந்துக்காரர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916 வாக்குல மாணவர்கள கிராமம் கிராமமா கணக்கெடுக்க வச்சாரு, அதுல தஞ்சாவூர் ஜில்லா பாலக்குறிச்சியும் ஒண்ணு. 1918-ல புத்தகமாவே வந்துச்சு. அப்புறம் 20 வருசம் கழிச்சு திரும்பவும் அதே ஊருக்கு போய் யாரு நிலம் யாரு கைக்கு மாறியிருக்குன்னு கணக்கெடுத்தாங்க.