செயற்கைக்கோள்களும் விண்கலங்களும் வானியலுக்கு உண்மையில் என்ன தந்திருக்கின்றன? தரையில் பெரிய தொலைநோக்கி வைத்தால் போதாதா?

போதாது. காரணம் காற்று. நம்மை உயிரோடு வைத்திருக்கும் இதே வளிமண்டலம் எக்ஸ் கதிர்களை மேலேயே நிறுத்திவிடுகிறது. புற ஊதாவில் பெரும்பகுதியும் அகச்சிவப்பில் நிறையவும் கீழே வராது. வந்தே சேராத ஒளியை மலை உச்சியில் எவ்வளவு பெரிய கண்ணாடி வைத்தாலும் பிடிக்க முடியாது. சூரியக் குடும்பத்துக்கு வெளியே எக்ஸ் கதிரை வீசும் பொருள் ஒன்று இருக்கிறது என்பதே, 1962-ல் ஒரு சின்ன ராக்கெட் சில நிமிடம் மேலே போய்ப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அது விருச்சிக ராசிப் பக்கம் இருந்தது. அந்தக் குழுவை நடத்திய ரிக்கார்டோ ஜியாக்கோனிக்கு 2002-ல் நோபல் கொடுத்தார்கள்.

இதோடு நிறுத்தியிருப்பேன். கேள்வி கேட்டவர் அநேகமாக டிவியில் ராக்கெட் ஏவியதைப் பார்த்துவிட்டு வீட்டில் யாரோடோ வாக்குவாதம் செய்திருப்பார், அவருக்கு மேலே சொன்னதே போதும். ஆனால் இதே கேள்வியை ஒருவர் மைக்கை நீட்டி என்னிடம் கேட்டார். நான் சொன்ன பதில் இன்றுவரை வெளியே வரவில்லை. அதனால் கொஞ்சம் நீளும்.

எங்கள் குடும்பம் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, ஆந்திராவில் இருக்கும் சூலூர்பேட்டையில் டிபன் கடை வைத்திருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகிறவர்கள் பாதிப் பேர் எங்கள் ஊரில் இறங்கித்தான் போக வேண்டும். நான் சென்னைக்கு ரயிலில் போய்வந்து பி.எஸ்சி. இயற்பியல் படித்தவன். (விஞ்ஞானி என்று சொல்லிக்கொள்ளவில்லை. கமெண்டில் 'தோசை சுடுறவன் பேச்சைக் கேட்கணுமா' என்று எழுதப்போகிறவர் எழுதிக்கொள்ளலாம். சொல்கிற தகவல் தப்பென்றால் மட்டும் எந்த இடம் என்று காட்டுங்கள்.)

2024 ஜனவரி 1, காலை 9.10-க்கு பி.எஸ்.எல்.வி. சி58 ராக்கெட். புத்தாண்டு விடுமுறை வேறு, முதல் ரயிலிலேயே சென்னைக் கூட்டம் வந்துவிட்டது. ஏவி முடிந்து திரும்பி வந்தவர்களில் ஒரு தம்பி, கையில் கேமரா, யூடியூப் சேனல் வைத்திருப்பதாகச் சொன்னார்.

"அண்ணா, இவ்ளோ செலவு பண்ணி விடுறாங்க. புகையைப் பார்த்துட்டு எல்லாரும் வீட்டுக்குப் போறாங்க. இதனால என்னண்ணா தெரிஞ்சுது?"

கேள்வி நியாயமானது. மாவுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொன்னேன். அப்பா கல்லாவில் இருந்து முறைத்தது கூட ஞாபகம் இருக்கிறது.

"தம்பி, இன்னிக்குப் போனது எக்ஸ்போசாட் செயற்கைக்கோள். அது என்ன பார்க்கும்னு ரெண்டு மூணு வருஷம் கழிச்சு கேளுங்க. முன்னாடி போனதைப் பத்திச் சொல்றேன்" என்று அஸ்ட்ரோசாட்டைப் பற்றி ஆரம்பித்தேன்.

2015 செப்டம்பர் 28-ல் இங்கிருந்துதான் அது போனது. இந்தியா வானியலுக்கென்றே அனுப்பிய முதல் விண் ஆய்வகம். 650 கி.மீ. உயரத்தில், நிலநடுக்கோட்டை ஒட்டிச் சுற்றுகிறது. ஆறு டிகிரிதான் சாய்வு, அதனால் எங்கள் ஊருக்கு எப்போதும் தெற்கேதான் போகும். அப்படி வைத்ததற்குக் காரணம் உண்டு. தென் அட்லாண்டிக் பக்கம் பூமியின் காந்தப்புலம் பலவீனமாக இருக்கும். அங்கே மின்னூட்டத் துகள்கள் கீழே இறங்கி வந்து கருவிகளைத் தொந்தரவு செய்யும். நிலநடுக்கோட்டை ஒட்டிப் போனால் அந்தத் தொல்லை குறைவு.

அதில் உள்ள எக்ஸ் கதிர் தொலைநோக்கியை மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் செய்தார்கள். எக்ஸ் கதிர் சாதாரணக் கண்ணாடியில் நேராக விழுந்தால் உள்ளே புகுந்துவிடும், திரும்பாது. பழவேற்காடு ஏரியில் ஓட்டாஞ்சில்லைத் தாழ்வாக வீசினால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் போகுமே, அந்த மாதிரி மிகச் சாய்வாக உரசிப் போகும்படி கண்ணாடிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்க வேண்டும்.

நான் அவரிடம் ரொம்ப நேரம் சொன்னது புற ஊதாத் தொலைநோக்கியைப் பற்றி. யூவிட் என்பார்கள். அதன் கண்ணாடி 38 செ.மீ. ஹப்பிள் விண்தொலைநோக்கியுடையது 2.4 மீட்டர். ஹப்பிள் வருடக்கணக்கில் உற்றுப் பார்த்த வானத்தின் ஒரு சின்னத் துண்டையே 2016 அக்டோபரில் இதுவும் 28 மணி நேரத்துக்கு மேல் பார்த்தது. 930 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு விண்மீன் மண்டலத்தை விட்டுக் கிளம்பிய கடும் புற ஊதா ஒளி அதில் பதிவாகியிருந்தது. அது நிஜமாகவே அந்த மண்டலத்தின் ஒளிதான் என்று உறுதி செய்யவே புனே ஐயுகா வானியல் மையக் குழுவுக்கு ஏறக்குறைய இரண்டு வருடம் ஆனது. 2020-ல் கட்டுரை வந்தது. பெரிய கண்ணாடிக்குச் சிக்காதது சின்னதற்கு எப்படிச் சிக்கியது? யூவிட்டின் உணரியில் பின்னணி இரைச்சல் மிகக் குறைவு. ஆதிப் பிரபஞ்சத்தில் நிறைந்திருந்த ஹைட்ரஜன் வாயு எப்படி மறுபடி எலக்ட்ரானை இழந்து அயனியானது என்ற கேள்விக்கு இந்த மாதிரி ஒளிதான் துப்பு.

அப்புறம் நண்டு நெபுலா. 1054-ல் சீனர்கள் பட்டப்பகலிலேயே பார்த்துக் குறித்துவைத்த விண்மீன் வெடிப்பின் மிச்சம். அதன் நடுவில் வினாடிக்கு 30 தடவை சுழன்று, துடிப்புத் துடிப்பாகக் கதிர் வீசும் துடிவிண்மீன் (பல்சர்) ஒன்று இருக்கிறது. அதன் எக்ஸ் கதிர் அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்று அஸ்ட்ரோசாட் அளந்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே, ஒன்றும் நடக்காது என்று நினைத்திருந்த இடைவெளியில், அந்த அதிர்வு வேகமாக மாறுவது தெரிந்தது. அன்று காலை போன எக்ஸ்போசாட்டுக்கும் இதே அதிர்வுத் திசையை அளப்பதுதான் முழுநேர வேலை. அமெரிக்காவும் இத்தாலியும் 2021-ல் அனுப்பிய இக்ஸ்பி செயற்கைக்கோள் குறைந்த ஆற்றலில் பார்ப்பதை, பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனம் செய்த போலிக்ஸ் கருவி அதிக ஆற்றலில் பார்க்கும்.

ஐந்து வருட ஆயுள் என்று சொல்லி அனுப்பிய அஸ்ட்ரோசாட் பத்து வருடத்தைத் தாண்டியும் வேலை செய்கிறது. குறையே இல்லையா? இருக்கிறது, யூவிட்டின் ஒரு அலைவரிசை 2018-லேயே நின்றுபோனது.

இவ்வளவையும் அந்தத் தம்பி தலையாட்டிக்கொண்டே கேட்டார். வீடியோ வந்தபோது அதில் நான் பேசியது ஒரே வரி: "ராக்கெட் விடுற அன்னிக்கு வியாபாரம் நல்லா இருக்கும் சார்." அதுவும் அவர் கேமராவை அணைக்கப் போகும்போது வேறு எதற்கோ சொன்னது. கீழே கமெண்டில் 'ஆந்திராக்காரர் எவ்வளவு அழகாத் தமிழ் பேசுறார் பாருங்க' என்று இதயம் போட்டிருக்கிறார்கள். ஐயா, நான் தமிழன்தான். என் தாத்தா கும்மிடிப்பூண்டிப் பக்கம். கோடு எங்கே போட்டார்களோ அதற்கு அந்தப் பக்கம் எங்கள் வீடு விழுந்துவிட்டது. ஆரம்பாக்கம் தாண்டினால் எல்லோரும் தெலுங்கர் என்று நினைப்பவர்கள் தடாவிலும் சூலூர்பேட்டையிலும் ஒரு நாள் தெருவில் நடந்து பாருங்கள். இந்தப் பக்கம் எங்களை 'அரவம்' என்பார்கள் (தமிழர்களைத் தெலுங்கில் அப்படித்தான் சொல்வார்கள்), அந்தப் பக்கம் பாராட்டுவார்கள். ரெண்டுமே எரிச்சல்தான். சரி, கேள்விக்கு வருகிறேன்.

'இந்தியப் பெருமை பேசுகிறான்' என்று யாராவது சொல்வதற்கு முன் மற்றவர்களையும் சொல்லிவிடுகிறேன். 1977-ல் கிளம்பிய அமெரிக்காவின் வாயேஜர் 1 விண்கலம், சூரியன் வீசும் துகள்காற்றின் எல்லையை 2012-ல் தாண்டியது. அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று அதுவரை கணக்குதான் இருந்தது, நேரில் அளந்தது கிடையாது. 2023 நவம்பரில் அது பிதற்ற ஆரம்பித்தது, வந்த தரவில் அர்த்தமே இல்லை. நினைவகச் சில்லு ஒன்று கெட்டிருந்தது. அதிலிருந்த நிரலைத் துண்டு துண்டாகப் பிரித்து நினைவகத்தின் வேறு இடங்களில் எழுதினார்கள். ஒரு கட்டளை போய்ச் சேர இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர அதே அளவு. 2024 ஏப்ரலில் மறுபடி ஒழுங்காகப் பேசியது. அந்தக் கம்ப்யூட்டரைச் செய்தபோது நான் பிறக்கவே இல்லை.

ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கி 2021 கிறிஸ்துமஸ் அன்று போனது. பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தள்ளி, சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அகச்சிவப்பில் பார்க்கிறது. பெருவெடிப்பு நடந்து 30 கோடி வருடம் ஆவதற்குள்ளேயே பிரகாசமான விண்மீன் மண்டலங்கள் இருந்ததை அது காட்டியது. அவ்வளவு சீக்கிரம் அவ்வளவு பெரிதாக அவை வளர்ந்திருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, விண்மீன் மண்டலம் எப்படி உருவாகும் என்ற கணக்கு மாதிரிகளைத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள்.

தரைத் தொலைநோக்கிகளைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த மண்டலங்களில் ஒன்றில் ஆக்சிஜன் இருப்பதை 2025-ல் சொன்னது சிலி நாட்டுப் பாலைவனத்தில் 5,000 மீட்டர் உயரத்தில் நிற்கும் அல்மா. வெப் கண்டுபிடித்ததன் தூரத்தை அல்மாதான் இன்னும் துல்லியமாக்கியது. எங்கள் பக்கத்திலேயே ஜவ்வாது மலைக் காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. எந்த ஒளி கீழே வருகிறதோ அதற்குத் தரை, வராததற்கு விண்வெளி. இதில் போட்டி எங்கே இருக்கிறது?

செலவுக் கணக்கும் கேட்பீர்கள். அஸ்ட்ரோசாட்டுக்கு ஏறக்குறைய 178 கோடி ரூபாய். அது அதிகமா குறைவா என்று உங்கள் வீட்டு வாக்குவாதத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஏவுவதற்கு முன் இஸ்ரோக்காரர்கள் எங்கள் ஊர் செங்காளம்மன் கோவிலுக்கு வருவதைப் பற்றி இங்கே சண்டை போட வேண்டாம், அதற்குத் தனிக் கேள்வி போடுங்கள். நிஜமாகவே ஆர்வம் உள்ளவர்களுக்கு ஒரு தகவல்: அஸ்ட்ரோசாட் எடுத்த தரவுகள், கேட்டு வாங்கிய விஞ்ஞானிகளுக்கான காலக்கெடு முடிந்ததும், இஸ்ரோவின் விண்வெளி அறிவியல் தரவு மையத் தளத்தில் பொதுவில் வைக்கப்படுகின்றன. பதிவு செய்துகொண்டு இறக்கலாம், காசு கிடையாது. பைத்தான் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அதில் சந்தேகம் வந்தால் என்னைக் கேட்காதீர்கள், எனக்கும் அங்கேதான் தகராறு.