சோலார் சார்ஜ் கன்ட்ரோலர் எதை வாங்குவது? கேள்வி பதில்

மின் இணைப்பு இல்லாத சின்ன வீட்டுக்கு சோலார் போடுபவர்கள் கன்ட்ரோலர் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கன்ட்ரோலர் என்பது பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் நின்று சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி. அதில் இரண்டு வகை: எளிமையான, விலை குறைந்த பிடபிள்யூஎம் (PWM), பேனலின் வோல்டேஜைக் குறைத்து ஆம்பைக் கூட்டித் தரும் எம்பிபிடி (MPPT). முதலில் ஒரு வேண்டுகோள். கேட்பதற்கு முன் பேனலின் பின்பக்க லேபிளைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அந்த லேபிளிலேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: அண்ணா, என்னிடம் 100 வாட் பேனல் ஒன்று, 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி ஒன்று. எல்லோரும் எம்பிபிடி வாங்கு என்கிறார்கள். பிடபிள்யூஎம் போட்டால் நஷ்டமா?

லேபிளில் விஎம்பி என்று ஒரு எண் இருக்கும், முழு பவர் தரும்போது பேனல் நிற்கும் வோல்டேஜ் அது. அது 18 வோல்ட் பக்கம் இருந்தால் உங்களுடையது 36 செல் பேனல், 12 வோல்ட் பேட்டரிக்கென்றே செய்தது. பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் பேனலை நேராக பேட்டரியோடு சேர்த்துவிடுகிறது, அதனால் பேனல் வோல்டேஜ் பேட்டரி நிற்கும் 13 வோல்டுக்கே இறங்கிவிடும். ஆம்ப் மட்டும் 5.6 அளவில் அப்படியே வரும். இரண்டையும் பெருக்கினால் 73 வாட். அப்போது 27 வாட் வீண்தானே என்று தோன்றும், ஆனால் லேபிளில் உள்ள 100 வாட் என்பது செல்லின் சூடு 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. நல்ல வெயிலில் செல் 60 டிகிரியைத் தாண்டிவிடும், விஎம்பி 15.5 வாக்கில் இறங்கிவிடும், பேனலே 85 வாட் தந்தால் பெரிது. அதில் எம்பிபிடி எடுத்துத் தருவது 80 வாட். ஆக வித்தியாசம் 10 சதவீதத்தை ஒட்டித்தான். அந்தக் கூடுதல் பணத்தில் இன்னொரு சின்ன பேனல் வாங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன். குளிர் பிரதேசத்தில் இருந்தால் கணக்கு கொஞ்சம் எம்பிபிடி பக்கம் சாயும்.

கேள்வி: சார், 330 வாட் பேனல் மலிவாகக் கிடைத்தது. பேட்டரி அதே 12 வோல்ட். 20 ஆம்ப் பிடபிள்யூஎம் கையில் இருக்கிறது, போடலாமா?

வேண்டாம். அது 72 செல் பேனல். விஎம்பி 37 வோல்ட், ஆம்ப் 9 போல இருக்கும். பிடபிள்யூஎம்மில் மாட்டினால் அந்த 9 ஆம்ப்தான் 13 வோல்டில் பேட்டரிக்குப் போகும். அது 117 வாட், மூன்றில் ஒரு பங்கு. மீதியைக் கூரையிலேயே விட்டுவிடுகிறீர்கள். போதாததற்கு, லோடு இல்லாதபோது இந்தப் பேனல் 45 வோல்ட் வரை தரும், 12 வோல்டுக்கு மட்டும் செய்த பல பிடபிள்யூஎம் கன்ட்ரோலர்கள் அதைத் தாங்காது. இங்கே எம்பிபிடிதான் சரி. 37 வோல்டை 13-ஆகக் குறைத்து அதற்கு ஈடாக ஆம்பைக் கூட்டித் தருவதுதான் அதன் வேலை. 330-ஐ 13-ஆல் வகுத்தால் 25 ஆம்ப், எனவே 30 ஆம்ப் எம்பிபிடி எடுங்கள்.

கேள்வி: பெட்டியில் எம்பிபிடி என்று போட்டிருக்கிறது, ஆனால் கையடக்கமாக, எடையே இல்லாமல் இருக்கிறது. நம்பலாமா?

சந்தேகப்படுவது சரிதான். வோல்டேஜைக் குறைத்து ஆம்பைக் கூட்ட உள்ளே செம்புக் கம்பி சுற்றிய கனமான காயில் வேண்டும், சூட்டை வெளியேற்ற அலுமினிய ஹீட்சிங்க் வேண்டும். 20, 30 ஆம்ப் தாங்குவது இறகு மாதிரி இருக்க வழியில்லை. மல்டிமீட்டர் இருந்தால் முடிவு உடனே தெரியும். வெயில் நன்றாக அடிக்கும் நேரம், பேட்டரி பாதி காலியாக இருக்கும்போது, கன்ட்ரோலரில் பேனல் முனைகளில் அளந்து பாருங்கள், பிறகு பேட்டரி முனைகளில். பேட்டரியில் 12.9, பேனலில் 13.2 என்று ஒட்டி நின்றால் அது பிடபிள்யூஎம், மேலே என்ன அச்சடித்திருந்தாலும் சரி. பேனல் பக்கம் 16, 17 என்று தனியாக நின்றால் உண்மையான எம்பிபிடி. பேட்டரி நிரம்பிய பிறகு இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், அப்போது பிடபிள்யூஎம் விட்டுவிட்டு இணைப்பதால் மீட்டர் நடுவில் ஏதோ ஒரு எண்ணைக் காட்டி ஏமாற்றிவிடும்.

கேள்வி: என் எம்பிபிடியில் 100/30 என்று இருக்கிறது. 45 வோல்ட் பேனல் இரண்டை சீரிஸில் போட்டால் 90 தானே, சரியாக வருமே?

இதை மட்டும் கவனமாகப் படியுங்கள், கன்ட்ரோலர்கள் அதிகம் போவது இங்கேதான். முதல் எண் பேனல் பக்கம் தாங்கும் உச்ச வோல்டேஜ், இரண்டாவது பேட்டரிக்குத் தரும் ஆம்ப். பேனல் குளிர்ந்தால் வோல்டேஜ் ஏறும், ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.3 சதவீதம். லேபிளின் 45 வோல்ட் 25 டிகிரிக்கானது. விடியற்காலை 5 டிகிரி என்றால் 6 சதவீதம் கூடி 90 என்பது 95 ஆகிறது. மைனஸ் 10 வரை போகும் இடமென்றால் 99.5, அதாவது எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள். ஆம்ப் கூடிப்போனால் நல்ல எம்பிபிடி தன் அளவுக்கு மேல் எடுக்காமல் சமாளித்துக்கொள்ளும். வோல்டேஜ் கூடினால் உள்ளே சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் மாஸ்ஃபெட் என்ற பாகம் ஒரே நொடியில் போய்விடும், வாரண்டியும் கிடைக்காது. உங்கள் ஊரின் மிகக் குளிர்ந்த காலையை வைத்துக் கணக்குப் போடுங்கள். இடைவெளி குறைவாக இருந்தால் பேரலலில் போடுங்கள், இல்லையென்றால் 150 வோல்ட் தாங்கும் கன்ட்ரோலர்.

கேள்வி: பச்சை விளக்கு தினமும் எரிகிறது, ஆனாலும் லெட் ஆசிட் பேட்டரி இரண்டே வருடத்தில் படுத்துவிட்டது. கன்ட்ரோலர் பழுதா?

பெரும்பாலும் பழுது இல்லை, செட்டிங். பச்சை விளக்கு பேட்டரி நிரம்பியதைச் சொல்வதில்லை, பல கன்ட்ரோலர்களில் ஒரு வோல்டேஜைத் தொட்டதைத்தான் சொல்கிறது. 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி 14.4 வோல்டைத் தொட்ட பிறகும் அங்கேயே இரண்டு மூன்று மணி நேரம் நிற்க வேண்டும், அப்போதுதான் கடைசி 15, 20 சதவீதம் நிறையும். அதற்குள் 13.6-க்கு இறக்கிவிட்டால் தினமும் அரைகுறை சார்ஜ்தான், தகட்டில் சல்பேட் படிந்து கெட்டியாகி கொள்ளளவு குறைந்துகொண்டே போகும். அப்புறம் சூடு. பேட்டரி 40 டிகிரியில் இருந்தால் அந்த 14.4-ஐ 14.0 வாக்கில் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் வற்றும். இதற்காகத்தான் ஒயரோடு ஒரு சின்ன சென்சார் தருகிறார்கள்; பலர் அதைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். அதை பேட்டரி மேல் ஒட்டுங்கள். தண்ணீர் ஊற்றும் வகை என்றால் மாதம் ஒருமுறை ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் ஒவ்வொரு செல்லையும் பாருங்கள், எந்த விளக்கையும்விட அது உண்மை சொல்லும்.

கேள்வி: லித்தியத்துக்கு மாறுகிறேன். பழைய கன்ட்ரோலரே போதுமா?

வோல்டேஜை நாமே மாற்றும் வசதி இருந்தால் போதும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு 14.2 முதல் 14.4 வரை வையுங்கள், ஈக்வலைசை (லெட் ஆசிட் செல்களைச் சமப்படுத்த அவ்வப்போது வோல்டேஜைக் கூட்டிச் சார்ஜ் செய்வது) நிறுத்துங்கள், சூட்டுக்கேற்ப வோல்டேஜ் மாற்றுவதையும் நிறுத்துங்கள். பூஜ்ஜிய டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, செல் உள்ளுக்குள் நிரந்தரமாகக் கெடும். எதையும் மாற்ற முடியாத பழைய பெட்டி என்றால் அதை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கன்ட்ரோலரின் லோடு முனையில் இன்வெர்ட்டர் மாட்டலாமா?

கூடாது. அது லைட், சின்ன டிசி ஃபேனுக்கு. இன்வெர்ட்டர் தொடங்கும் நொடியில் இழுக்கும் ஆம்பை அது தாங்காது. இன்வெர்ட்டரை ஃப்யூஸ் வழியாக நேராக பேட்டரியில் கொடுங்கள்.

கேள்வி: கன்ட்ரோலரை பேனல் பக்கத்தில் வைப்பதா, பேட்டரி பக்கத்திலா? எதை முதலில் இணைப்பது?

பேட்டரி பக்கத்தில். 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரை 10 மீட்டருக்கு இழுத்தால் போக, வர 20 மீட்டர், அதில் 20 ஆம்ப் ஓடினால் 2 வோல்ட் வரை ஒயரிலேயே போய்விடும். 12 வோல்ட் சிஸ்டத்தில் அது மிகப் பெரிய இழப்பு, கன்ட்ரோலரும் பேட்டரி நிரம்பிவிட்டதாக நினைத்துக்கொள்ளும். தண்ணீர் ஊற்றும் பேட்டரிக்கு நேர் மேலே மட்டும் மாட்டாதீர்கள், அதிலிருந்து ஹைட்ரஜன் வரும்.

முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். ஃப்யூஸ் பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டி இருக்கட்டும். மெல்லிய இழைகள் கொண்ட ஒயரை அப்படியே திருகில் செருகினால் சில இழைகள் வெளியே பிதுங்கி நிற்கும், சில மாதத்தில் பிடி தளர்ந்து, முனையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பழுப்பு நிறமாக உருக ஆரம்பிக்கும். ஒயர் நுனிக்கு லக் என்ற உலோக முனை வைத்து நசுக்கி மாட்டுங்கள், ஒரு வாரம் கழித்து எல்லாத் திருகையும் இன்னொரு முறை இறுக்குங்கள்.