பிரசவ வார்டு நர்ஸிடம் கேளுங்கள்: கொரோனா காலக் கர்ப்பிணிகளுக்கு (ஜூலை 2021)

வடசென்னையில் 20 வருஷமாகப் பிரசவ வார்டில் நர்ஸாக இருக்கிறேன். நைட் டியூட்டி முடித்து வந்து, உங்கள் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

ஏழாவது மாசம் அக்கா. கொரோனா பயத்தில் 2 மாசமாக செக்கப் போகவில்லை. அசைவு நன்றாக இருக்கிறது. வலி வந்ததும் நேராகப் போகலாமா? (காசிமேடு)

வேண்டாம்மா, நாளைக்கே போ. போன வருஷ ஊரடங்கில் ஒரு பெண் இப்படித்தான் வராமலே இருந்தாள். வந்த அன்று கால் வீங்கி, கொலுசு சதைக்குள் புதைந்திருந்தது. சோப்புத் தண்ணீர் விட்டுத்தான் கழற்றினோம். பிரஷர் 170/110, ஆபத்தான அளவு. அவளுக்கும் அசைவு நன்றாகத்தான் இருந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள், ஆனால் குறைமாதத்திலேயே எடுக்க வேண்டியதாயிற்று.

டாக்டர் போனில் ஆயிரம் கேட்கலாம், பிரஷர் பார்க்க முடியாது. பெரிய ஆஸ்பத்திரிக் கூட்டம் பயமென்றால், பக்கத்து மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துக்கொள். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, அசைவு குறைதல், இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பாசிட்டிவ் என்றாலே சிசேரியனாமே? (தண்டையார்பேட்டை)

இல்லை. கொரோனாவுக்காக மட்டும் ஆபரேஷன் தேவையில்லை. மூச்சுத்திணறல் முற்றினாலோ, குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்தாலோ, அது வேறு விஷயம்.

மனைவிக்குப் பாசிட்டிவ், குழந்தை பிறந்து 2 நாள். தாய்ப்பால் கொடுக்கலாமா? (வியாசர்பாடி)

தாராளமாகக் கொடுக்கலாம் தம்பி. உலக சுகாதார நிறுவனமும் அதையே சொல்கிறது. மாஸ்க் போட்டு, கையை சோப்பால் கழுவிவிட்டுக் கொடுக்கட்டும். எழுந்து உட்கார முடியாவிட்டால் பாலைப் பீய்ச்சி, பாலாடையில் புகட்டுங்கள். பவுடர் பாலுக்கு ஓட வேண்டாம்.

தடுப்பூசி?

போடலாம், எந்த மாசமானாலும். ஒன்றிய சுகாதார அமைச்சகம் இந்த மாசம் 2ஆம் தேதி அனுமதி கொடுத்துவிட்டது.

மகளுக்குத் தலைப்பிரசவம். என்னைக் கூட விடுவார்களா? (ராயபுரம்)

இப்போது பெரும்பாலும் ஒரே ஒருவரைத்தான் விடுகிறார்கள் அம்மா, அதுவும் காய்ச்சல், இருமல் இல்லாதவரை. முன்கூட்டியே கேட்டு வையுங்கள். போன வருஷம் துணையில்லாமல் வலியில் துடித்த ஒரு பெண், 'அம்மா, அம்மா' என்று என் கையுறையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கவச உடைக்குள் என் முகம்கூட அவளுக்குத் தெரியவில்லை. பிள்ளை வெளியே வரும்வரை அவள் பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். உங்களுக்கு அனுமதி கிடைத்தால் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

ராத்திரி வலி வந்து, டெஸ்ட் ரிசல்ட் கையில் இல்லாவிட்டால்?

108ஐக் கூப்பிடுங்கள். ரிசல்ட் இல்லையென்று பிரசவத்தைத் தாமதிக்கக் கூடாது என்பது ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) விதி. பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிந்ததும் கொடுக்கும் எண்) எழுதிய அட்டை மட்டும் கையில் இருக்கட்டும்.