யாழ்ப்பாணக் கம்பஸ் மாணவர்கள் இராணுவத்தோடு சேர்ந்து வேலை செய்வதை விரும்புகிறார்களா?

சிரமதானம், இரத்ததானம், வீடு கட்டிக் குடுக்கிறது எண்டு ஆமி செய்யிற வேலையளில மாணவர் சேரினமோ, வெறுக்கினமோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். கேள்வியைப் பாத்தா ஏதோ ஆய்வுக் கட்டுரைக்குப் போல கிடக்கு. நான் யாழ்ப்பாணத் திருநெல்வேலியில, அந்தக் கம்பஸிலதான் படிச்சவள், அதால சொல்லுறன்.

ஆளின்ர அரசியலை விட, வீட்டுக் காணி எங்க கிடக்குது எண்டதைப் பொறுத்துத்தான் பதில் வரும்.

2011 மே மாதம், கம்பஸுக்கு எடுபட்ட பிள்ளையள் மூண்டு கிழமை ஆமிக் காம்பில "தலைமைத்துவப் பயிற்சி" எடுக்கவேணும் எண்டு அரசாங்கம் கட்டாயமாக்கினது. நாடு முழுக்க 20,000 பேருக்கு மேல. பொம்பிளைப் பிள்ளையைக் காம்புக்கு விடுறதோ எண்டு அப்பா சாப்பிடாமக் கிடந்தார். போகாட்டி கம்பஸ் இடம் பறிபோயிடும் எண்ட பயத்திலதான் கடைசியா அனுப்பினவர். விடியப்புறம் விசில், ஓட்டம், பிறகு பிளாஸ்ரிக் கப்பில பிளேன்ரீ. காலில கொப்புளம் வந்து நான் நொண்டின நேரம், குருநாகல் பக்கத்துப் பெண் சிப்பாய் ஒராள் தன்ர சொக்ஸைத் தந்தவ. இதை எழுதினா "விலைபோனவள்" எண்டு கீழ ஆரும் வந்து ஏசுவினம். ஏசுங்கோ. தந்தது தந்ததுதான்.

அதே காம்பில ஒரு நாள், கேள்வி இருந்தாக் கேளுங்கோ எண்டினம். பலாலிக்குப் பக்கத்து மயிலிட்டிப் பெடியன் ஒருத்தன் எழும்பினான். 1990 இல சண்டையில இடம்பெயர்ந்த குடும்பம், வளர்ந்தது கோணாப்புலம் அகதி முகாமில. "சேர், எங்கட வீடு பலாலிக் காம்புக்குள்ள. கிணறு இன்னும் கிடக்குதோ?" மொழிபெயர்த்தவர் பாதியில நிண்டு அதிகாரியின்ர முகத்தைப் பாத்தார். அதிகாரி சிரிச்சுப்போட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டார்.

மயிலிட்டித் துறைமுகம் 2017 இலதான் ஆமியிட்ட இருந்து விடுபட்டது. அவன் இண்டைக்கும் ஆமி நடத்துற இரத்ததானத்துக்குப் போகான். பெரியாஸ்பத்திரிக்கு நேராப் போய்க் குடுப்பான். எங்கட பாட்ச்சிலயே ஆமி வீடு கட்டிக் குடுத்த பிள்ளையும் இருந்தவ. திறப்பு விழாப் படத்தை அவ எங்களுக்குக் காட்டினதே இல்லை. ரெண்டு பேரிலயும் எனக்குப் பிழை தெரியேல்லை.

2012 நவம்பர் 27, மாவீரர் நாளுக்கு விளக்கேத்தினதுக்கு விடுதிக்குள்ள ஆமி புகுந்ததும், அடுத்த நாள் ஊர்வலத்துக்கு அடி விழுந்ததும், மாணவர் தலைவர்மாரைப் பிடிச்சு வெலிக்கந்தைப் புனர்வாழ்வு முகாமுக்குக் கொண்டு போனதும் செய்தியில வந்ததுதான். அதுக்குப் பிறகு கன்ரீனில இந்தக் கதையே எடுக்கமாட்டினம். அதை ஆதரவு எண்டு கணக்கெடுக்காதேங்கோ.

    

ஆய்வுக்கெண்டு கேள்விப் படிவம் அடிச்சு, கம்பஸின்ர இராமநாதன் வீதி வாசல்ல நிண்டு குடுத்தீங்களெண்டால், முக்கால்வாசிப் பேர் "கருத்து இல்லை" எண்டதுக்குத்தான் புள்ளடி போடுவினம். பேர் கேக்காட்டியும், ஆர் அனுப்பினது எண்டுதான் முதல்ல யோசிப்பினம். குடும்பக் காணி எங்க, எப்ப விடுபட்டது எண்டு ஒரு கேள்வியையும் சேர்த்துப்போட்டு, பிறகு கூட்டிக் கழிச்சுப் பாருங்கோ.