வழிகாட்டியிடம் எதைக் கேட்பது? – கணக்காய்வுப் பயிற்சியில் இருக்கும் தங்கச்சிக்கு

யாழ்ப்பாணத்தில் கணக்காய்வு நிறுவனமொன்றில் பயிற்சிக்குச் சேர்ந்து ஆறு மாதமாகிறது, வழிகாட்டியான சேர் 'ஏதாவது இருந்தால் கேளுங்கள்' என்கிறார், எதைக் கேட்பதென்றே தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் உங்களை ஒதுக்குவதாக எனக்குப் படவில்லை.

'இருப்பை எப்படி மதிப்பிடுவது?' என்று கேட்டால் புத்தகத்தைப் பார்க்கச் சொல்வார். நானும் அதையேதான் சொல்வேன். ஹாட்வெயார் கடையொன்றில் இருப்பு எண்ணப் போகிறீர்கள் என்று வையுங்கள். மழை ஈரத்தில் இறுகிய சீமெந்துப் பைகள் மூலையில் கிடக்கின்றன. முதலாளி அவற்றையும் வாங்கிய விலையிலேயே பட்டியலில் போட்டிருக்கிறார். இலங்கைக் கணக்கீட்டு நியமம் 2 இன்படி, வாங்கிய கிரயம், விற்றால் செலவு போகத் தேறும் தொகை ஆகிய இரண்டில் குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும். நீங்களே ஒரு தொகை போட்டு, காரணத்தை இரண்டு வரியில் எழுதி, 'சேர், இந்தக் குறைப்புச் சரியா? முதலாளி மறுத்தால் எப்படிப் பேசுவது?' என்று கொண்டுபோங்கள். அந்த இரண்டாவது கேள்விக்கு எந்த நூலிலும் பதில் இல்லை, அவரிடம் இருக்கிறது.

நேரமும் பார்க்க வேண்டும். வருமான வரி விவரத்திரட்டுக்கு நவம்பர் 30 கடைசி நாள்; அந்த மாதத்தில் உங்கள் எதிர்காலம் பற்றிப் பேசப் போனால் முகம் கடுகடுக்கத்தான் செய்யும்.

அவர் திருத்திய தாள்களை எறியாதீர்கள். அதே பிழை திரும்ப வந்தால் சொல்வதையே குறைத்துவிடுவார். சோதனைப் பாடங்களுக்கு மட்டும் அவரை நம்பியிருக்க வேண்டாம். அதற்கு உங்களுக்கு ஒரு படி முன்னே நிற்கும் அக்காமாரைப் பிடியுங்கள்.